அந்த மாணவி எதையும் மறைக்கவில்லை

அனுப்புநர்:
உதவியாளர், உதவித்தொகைப் பிரிவு,
தொழில்நுட்பக் கல்லூரி.
(இருப்பிடம்: பேருந்துப் பணிமனை ஊழியர் குடியிருப்பு, இரண்டாம் தளம்)

பெறுநர்:
உயர்திரு மேல்முறையீட்டு ஆணையர் அவர்கள்,
அயல்நாட்டவர் வரிப் பிரிவு,
வருமான வரி அலுவலகம்.

பொருள்: கல்வி உதவித்தொகை – அயல்நாட்டு மாணவி – விடுதிக்கும் உணவுக்கும் தரப்பட்ட உதவியின் பேரில் வரி, வட்டி, அபராதம் விதித்தமை – மாணவி உரிய காலத்தில் விலக்குப் படிவம் அளித்திருந்தும் அது தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்படாமை – ஆணையை நிறுத்திவைத்து மறுவிசாரணை செய்யக் கோருதல் – சார்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள்: ஜனவரி 5.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கல்லூரியிலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பதினான்கு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வருபவள் நான். அவற்றின் கீழே ஒப்பமிட்டவர்கள் என் மேலதிகாரிகள். என் பெயரில் நான் அனுப்பும் முதல் கடிதம் இது. பார்வையில் கண்ட ஆணை ஒரு மாணவியின் வாழ்க்கையைக் குலைத்துள்ளது. அந்த ஆணைக்கு அடிப்படையான ஒரு தாளைத் தயாரித்தவள் நான். அந்த ஆணை வராமலே தடுத்திருக்கக்கூடிய இன்னொரு தாளை அனுப்பாமல் விட்டவளும் நான். எனவே இதைப் புகார் என்று தாங்கள் பதிவு செய்தால், எதிர்த்தரப்பில் முதலாவதாக என்னையே எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. மாணவி நீரியல் பிரிவில் இறுதியாண்டு படிப்பவர். அவருடைய தாய் தம் நாட்டில் ஒரு துறைமுகத்தில் மீன்பெட்டிகளை எடை போடும் வேலையில் இருக்கிறார். தந்தை இல்லை. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, கைச்செலவுக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை ஆகிய அனைத்தையும் எங்கள் கல்லூரியே உதவித்தொகையாக வழங்கும் என்ற கடிதத்தை நம்பி, ஒரே ஒரு பெட்டியுடன் தனியாக வந்து சேர்ந்தார்.

நம் மொழியை அவர் விடுதிச் சமையலறையில் கற்றுக்கொண்டார். விடுதியே 'பெரியம்மா' என்று அழைக்கும் தலைமைச் சமையற்காரர்தான் அவருக்கு ஆசிரியர். முதலில் கற்ற சொல் 'போதும்', இரண்டாவது 'இன்னும் கொஞ்சம்' என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதனால் நன்றாகப் பேசுவார், கேலியும் செய்வார். ஆனால் அலுவலகக் கடிதத்தில் நாம் எழுதும் மொழி அவருக்கு இன்றுவரை விளங்குவதில்லை. இதை ஆணையர் அவர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் நடந்ததற்கு இது முக்கியம்.

எங்கள் பிரிவில் அவருக்குப் 'பென்சில்' என்று பெயர். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் முதலில் பென்சிலால் நிரப்புவார். என்னிடம் காட்டி, "சரியா அக்கா?" என்று கேட்பார். நான் தலையசைத்த பிறகே பேனாவால் எழுதி, பென்சில் கோடுகளை அழிப்பார். அழித்த தூள் என் மேசையெங்கும் உதிரும். அவர் வாசலில் தலைகாட்டினாலே எங்கள் கடைநிலை ஊழியர் துடைப்பத்தைத் தேடுவதுபோல் பாவனை செய்வார். இவ்வளவு கவனமாக எழுதும் ஒருவர் மீதுதான் 'வேண்டுமென்றே மறைத்தார்' என்ற குற்றச்சாட்டு பதிவாகியுள்ளது.

2. தங்களுக்குச் சட்டம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. நடந்தது விளங்குவதற்காகச் சில வரிகள் மட்டும். உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் கைச்செலவுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கருதப்படும். அயல்நாட்டு மாணவராக இருந்தால் அதற்குக் கல்லூரியே வரி பிடித்துக் கட்ட வேண்டும். விடுதிப் பணத்தையும் உணவுப் பணத்தையும் மாணவர்கள் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அவை கல்லூரியின் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகின்றன. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவை மாணவரின் வருமானமே. இந்த மாணவியின் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் உள்ள வரி ஒப்பந்தப்படி, சேர்ந்த ஆண்டிலேயே ஒரு விலக்குப் படிவத்தைக் கல்லூரி மூலம் அனுப்பிவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு அந்த வரியும் கிடையாது.

3. மாணவி அந்தப் படிவத்தைக் கல்லூரியில் சேர்ந்த ஐந்தாம் நாளே என்னிடம் கொடுத்தார். வழக்கம்போல் பென்சிலில் எழுதி, காட்டி, பிறகு பேனாவில் எழுதிக் கொடுத்தார். நான் முத்திரையிட்டுத் தேதி போட்டுப் பெற்றுக்கொண்டேன். (நகல் – இணைப்பு 1.)

அந்த வாரம் எங்கள் பிரிவில் புதிய கணினி மென்பொருள் வந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை தணிக்கை. அயல்நாட்டு மாணவர் என்று பதிவு செய்தால் ஒவ்வொருவருக்கும் தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் எண் பெற வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பட்டியல் முடியாது. எல்லோரையும் உள்நாட்டு மாணவர் என்றே இப்போதைக்குப் பதிவு செய்துவிடலாம், தணிக்கை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் கண்காணிப்பாளர் வாய்மொழியாக உத்தரவிட்டார். நான் அப்படியே செய்தேன். கையில் இருந்த விலக்குப் படிவங்களை ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கட்டி, மேலே 'பின்னர் பார்க்க' என்று எழுதி இரும்பு அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

தணிக்கை நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு சேர்க்கை, தேர்வு, புதுப்பித்தல் என்று வேலை வரிசையாக வந்தது. நான் மறந்துபோனேன். இதைவிட நாகரிகமான சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

4. கணினியில் உள்நாட்டு மாணவர் என்று இருந்ததால் அவருக்கு வரி பிடிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் தர வேண்டிய உதவித்தொகை விவரச் சான்றும் தரப்படவில்லை. தமக்கு அப்படி ஒரு வருமானம் உண்டு என்றோ அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றோ அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாற்காலியில் இருந்தவள் நான். பின்னர் கடவுச்சீட்டு எண்ணை வைத்து அயல்நாட்டு மாணவர் பட்டியலைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் புதிய நடைமுறை வந்தது. படிவமும் இல்லை, வரியும் இல்லை என்று தங்கள் கணினி கண்டுபிடித்தது. அது கண்டது சரிதான். முதல் அறிவிப்பு மாணவி முதலாண்டில் தங்கியிருந்த பழைய விடுதிக்குப் போயிற்று. அந்தக் கட்டடம் அப்போது பழுதுபார்ப்புக்காகப் பூட்டியிருந்ததால் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது அறிவிப்பு கடந்த நவம்பரில் கல்லூரிக்கே வந்தது.

5. அறிவிப்பைப் படித்துச் சொல்லும்படி மாணவி என்னிடம்தான் கொண்டுவந்தார். நான்கு ஆண்டு வரி, வட்டி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவருடைய தாயின் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டியது. அவர் அழவில்லை. விடுதிக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அக்கா, சாப்பாட்டுக்கு வரி உண்டுன்னா, நான் சாப்பிடாத நாளுக்கும் உண்டா?"

அவர் வழக்கமாகச் செய்யும் கேலி என்று எண்ணி நான் சிரித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் சமையலறைப் படியைத் தாண்டி நிர்வாகக் கட்டடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்; உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "அந்தப் பொண்ணு சாயங்காலச் சாப்பாட்டுக்கு வர்றதே இல்லம்மா. கேட்டா மிச்சம் பிடிக்கிறேங்குது. சாப்பாட்டுல என்னம்மா மிச்சம் பிடிக்கிறது?" என்றார்.

உணவுக்கூடப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாத வேளைக்கு வரி கேட்க முடியாது என்று மாணவி நினைத்திருக்கிறார். உணவுத் தொகை பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாக விடுதிக்குப் போகிறது. எத்தனை வேளை பட்டினி கிடந்தாலும் வரியில் ஒரு காசுகூடக் குறையாது. இதை நான் அன்றே சிரிக்காமல் சொல்லியிருந்தால் அவர் சாப்பிட்டிருப்பார். நவம்பர் மாதப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே பதினாறு கட்டங்கள் வெறுமையாக உள்ளன. (நகல் – இணைப்பு 2.) தங்கள் ஆணையில் அந்தப் பதினாறு வேளைக்கும் வரி கணக்கிடப்பட்டுள்ளது.

6. பெரியம்மா வந்துபோனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாணவிக்காக நல்லபடியாக ஒரு விளக்கக் கடிதம் எழுதலாம் என்று பழைய சேர்க்கை ஆவணங்களைத் தேடினேன். டிசம்பர் 2 அன்று அலமாரியின் அடித்தட்டில் அந்தப் பழுப்பு உறை கிடைத்தது. உறைமேல் இருந்த கையெழுத்து யாருடையது என்று ஒரு நொடி எனக்கே தெரியவில்லை.

உறையைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, நீண்ட நேரம் முதல் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கெடு தாண்டி மூணு வருஷம் ஆச்சு. இப்ப இதை எடுத்துக் காட்டினா அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. நமக்குத்தான் ஆகும். எடுத்த இடத்துலயே வச்சிடுங்க."

அவரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆக மாட்டேன். என் கணவர் பேருந்துப் பணிமனையில் மின்பணியாளர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது எனக்கு விடுப்பு மீதமில்லை. ஒரு மாதம் முழுவதும் என் வேலையைத் தம் மேசைக்கு இழுத்துக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் எனக்கு ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டவர் இந்தக் கண்காணிப்பாளர். அவர் தீயவர் அல்லர். ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. உறையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

7. டிசம்பர் 9. குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அபராதம் பாதியாகும் என்று கண்காணிப்பாளர் மாணவியிடம் சொன்னார். அது விதியில் உள்ளதுதான். ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'எனக்குக் கிடைத்த வருமானத்தைத் தெரிந்தே மறைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்' என்பது அதில் மூன்றாவது வரி.

மாணவி விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். "மறைத்தேன்னு இருக்கே அக்கா. நான் எதை மறைச்சேன்?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அது சும்மா ஆபீஸ் பாஷைம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்க."

அவர் நம்பினார். பென்சிலால் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் காட்டினார். நான் தலையசைத்தேன். பிறகு பேனாவால் போட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அந்த உறை இருந்த அலமாரிக்கும் நடுவில் நான்கடி தூரம்கூட இருக்காது.

ஐயா, படிவத்தை மறந்தது என் அசட்டை. அதற்கு நான் என்னை ஓரளவு மன்னித்துக்கொள்ளக்கூடும். இது மறதி அல்ல.

8. வரி நிலுவை இருப்பதாகக் காட்டி அவருக்கு ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்டது. வாக்குமூலம் கொடுத்துவிட்டதால் எப்படியும் தந்துவிடுவார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். டிசம்பர் 15 காலை நான் தேர்வுக் கூடத்தைக் கடந்து சென்றபோது அவர் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கால்குலேட்டர், அளவுகோல், தண்ணீர்ப் புட்டி. தாமதமாக வருபவர்களை அனுமதிக்கும் அரைமணி நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு எழுந்து, தம் பகுதிநேர வேலைக்காக நூலகத்துக்குப் போய்விட்டார். 17ஆம் தேதியும் அப்படியே. இரண்டு தாள்கள் போயின. தேர்வு தள்ளிப்போயிருக்கிறது என்று தாயிடம் தொலைபேசியில் சொன்னதாகப் பெரியம்மா மூலம் அறிந்தேன். அந்த மாணவி என்னிடம் பொய் சொல்லி நான் கண்டதில்லை. தாயிடம் அவரைப் பொய் சொல்ல வைத்தவர்கள் நாங்கள்.

9. உறையைக் கண்ட நாளிலிருந்து பத்தொன்பது நாள் நான் வாய் திறக்கவில்லை. வீட்டில் என் கணவர் கவனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். டிசம்பர் 21, ஞாயிறு காலையில், சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "வேலை போனா பாத்துக்கலாம். நீ இப்படி இருக்கிறதைத்தான் என்னால பாக்க முடியல" என்றார். பிறகு தம் சட்டையை மாற்றிக்கொண்டு விடுதி வாசல் வரை என்னுடன் வந்தார்.

மாணவியின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். படிவம் இருக்கிறது என்பதையும், அவரிடம் கையெழுத்து வாங்கிய நாளில் அது இருப்பது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்ததும் சாத்திவிட்டார்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் வந்தார். பிரிவில் எல்லோரும் இருந்தார்கள். உரத்த குரலில், நிறுத்தி நிதானமாக, "மேடம், நான் குடுத்த படிவத்தோட நகல் ஒண்ணு வேணும்" என்றார். அலமாரியைத் திறந்து, உறையைப் பிரித்து, நகல் எடுத்துக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் தம் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அன்று முதல் மாணவி என்னை 'மேடம்' என்றே அழைக்கிறார்.

10. டிசம்பர் 23 அன்று கல்லூரி முதல்வர் அவர்களுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அது பரிசீலனையில் இருக்கும்போதே ஜனவரி 5 அன்று தங்கள் ஆணை வந்தது. அதில் 'மாணவி தாமே ஒப்புக்கொண்டவாறு' என்ற தொடர் மூன்று இடங்களில் வருகிறது. அந்த ஒப்புதலைத் தட்டச்சு செய்த விரல்களை வைத்தே அந்த ஆணையையும் நான் வந்த கடிதங்களின் பதிவேட்டில் ஏற்றினேன். அலுவலக ஆவணத்தை அனுமதியின்றி நகலெடுத்துக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு ஜனவரி 8 அன்று எனக்குக் குறிப்பாணை வழங்கப்பட்டது. (நகல் – இணைப்பு 3.)

வரி மோசடியில் தண்டிக்கப்பட்டவர் என்ற காரணத்தால் மாணவியின் உதவித்தொகை ஜனவரி முதல் நிறுத்தப்பட்டது. விடுதி அறையைக் காலி செய்துவிட்டார். இப்போது பெரியம்மாவின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். மேல்முறையீடு செய்ய, ஆணையில் கேட்கப்பட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்று தங்கள் அலுவலக முகப்பில் சொல்லியிருக்கிறார்கள். கட்ட அவரிடம் ஒன்றுமில்லை. முப்பது நாள் கெடு நாளையுடன் முடிகிறது. வரி நிலுவை இல்லை என்ற சான்று இல்லாமல் விசாவை நீட்டிக்க முடியாது. அது பிப்ரவரி 28 வரைதான்.

அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கட்டிவிடலாம் என்று நானும் என் கணவரும் எங்களிடம் இருந்ததைத் திரட்டிக்கொண்டு கடந்த வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். மாணவி துணி மடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நீட்டிய பண உறையைத் தொடவே இல்லை. "உங்க காசு வேணாம் மேடம். உங்க கையெழுத்து வேணும்" என்றார். எந்தத் தாளில் என்று கேட்டேன். "நடந்ததை எழுதின தாள்ல" என்றார்.

பெரியம்மா எங்கள் இருவருக்கும் தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டுப் புறப்பட்டோம்.

11. இன்னொன்றும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரக் கடமைப்பட்டுள்ளேன். அந்த உறையில் இருந்தது ஒரு படிவம் அல்ல. மொத்தம் பன்னிரண்டு. மற்றப் பதினொருவரில் நால்வர் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு முடித்துத் தம் நாடுகளுக்குத் திரும்பிவிட்டனர். புறப்படும் முன் தங்கள் அலுவலகத்தில் ஏதோ வரி என்று சொல்லிக் கேட்டதையெல்லாம் கட்டிவிட்டே போனார்கள். என்னிடம் ரசீது காட்டிக் கையெழுத்தும் வாங்கிச் சென்றார்கள். ஒருவர் கடந்த ஆண்டு படிப்பைப் பாதியில் விட்டுப் போனார். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தார். நானும் அதை நம்பிக் கோப்பில் சேர்த்தேன். அவருக்கு அறிவிப்பு வந்திருந்ததை இப்போதுதான் பார்த்தேன். மீதி அறுவர் இன்னும் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பன்னிரண்டு படிவங்களின் நகல்களும் இணைப்பு 4-இல் உள்ளன.

எங்கள் பிரிவில் யாரும் ஒரு காசு எடுக்கவில்லை. ஒருவேளை அதனால்தான் இது எங்கள் கண்ணுக்கு ஒரு தவறாகவே படாமல் இத்தனை காலம் ஓடியது. கையாடல் நடந்திருந்தால் தணிக்கை ஒரே நாளில் கண்டுபிடித்திருக்கும். அடித்தட்டில் ஓர் உறை கிடப்பதை எந்தத் தணிக்கையும் குனிந்து பார்ப்பதில்லை.

12. மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, இந்த மனுவையே கெடுவுக்குள் வந்த மேல்முறையீட்டின் தொடக்கமாக ஏற்று, மாணவியிடம் முன்தொகை கேட்காமல் ஆணையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். இணைப்பு 1-இல் உள்ள கல்லூரி முத்திரையின் தேதியையே படிவம் அளிக்கப்பட்ட தேதியாகக் கொள்ள வேண்டும். டிசம்பர் 9 வாக்குமூலம், அவருக்குப் பொருள் விளங்காத நிலையில், பொருளைத் திரித்துச் சொல்லி என்னால் பெறப்பட்டது என்பதை நான் எந்த விசாரணையிலும் நேரில் வந்து சொல்லத் தயார். எனவே அதைக் கோப்பிலிருந்து நீக்க வேண்டும். விசாரணைக்கு அவரை அழைத்தால், பேச்சு வழக்கில் கேட்டு, அவர் சொல்வதைப் பேச்சு வழக்கிலேயே பதிவு செய்ய ஒருவரை நியமிக்க வேண்டும்.

பணத்தைக் காட்டிலும் அவசரமாக ஒன்றைக் கேட்கிறேன். மேற்படிப்புக்காக அவர் விண்ணப்பிக்கும் இடத்தில், வரி மோசடிக்காக எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. 'இல்லை' என்று எழுதினால் தங்கள் ஆணை அவரைப் பொய்யர் ஆக்கும். 'ஆம்' என்று எழுதினால் அவரே தம்மைப் பொய்யர் ஆக்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பக் கெடு இம்மாதம் 20. வரி பற்றிய முடிவுக்குக் காலம் பிடிக்கும் என்றால் பிடிக்கட்டும். 'மறைத்தார்' என்ற அந்த ஒரு சொல்லையாவது அதற்குள் நீக்கித் தனியாக ஒரு கடிதம் தர வேண்டுகிறேன்.

மற்றப் பதினொருவருக்கும் தங்கள் அலுவலகமே எழுதி, கட்டியவர்களுக்குத் திருப்பித் தரவும், கட்டாதவர்களுக்கு அறிவிப்பு போகாமல் தடுக்கவும் வேண்டுகிறேன். சட்டப்படி யாருக்காவது அபராதம் விதித்தே ஆக வேண்டும் என்றால் கல்லூரி மீதும் என் மீதும் விதிக்கலாம். கண்காணிப்பாளர் தரப்பையும் கேட்டு முடிவு செய்யவும். நான் எழுதியதில் அவருக்கு எதிரான சொற்கள் உண்மையானவை. அவருக்கு ஆதரவான சொற்களும் உண்மையானவை.

தங்கள் பதிலைக் கல்லூரி முகவரிக்கு அனுப்ப வேண்டாம். எனக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பெரியம்மா வீட்டு முகவரியை இணைப்பு 5-இல் எழுதியுள்ளேன். மாணவியின் பெயருக்கே அனுப்பவும். இயன்றவரை எளிய சொற்களில் எழுதும்படி தங்கள் அலுவலகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்துச் சொல்லும்படி அவர் இனி என்னிடம் கொண்டுவர மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
உதவியாளர், உதவித்தொகைப் பிரிவு

நாள்: பிப்ரவரி 3
இடம்: பணிமனை ஊழியர் குடியிருப்பு

நகல்: கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், உதவித்தொகைப் பிரிவுக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், நேரில் கையளிக்கப்பட்டது.